ஒன்பதால் வகுபடும் சண்டை

பி.காம். படித்தவனுக்கு இந்த நாட்டில் இரண்டு வேலை நிச்சயம். ஒன்று, யார் வீட்டுக் கல்யாணமானாலும் வாசலில் உட்கார்ந்து மொய் எழுதுவது. இன்னொன்று, தெருப் பிள்ளையார் கோயில் விழாக் கமிட்டிக்குப் பொருளாளர். இரண்டுக்கும் சம்பளம் கிடையாது. முதலாவதில் சாப்பாடாவது உண்டு. இரண்டாவதில் உதைதான்.

எனக்கு இருபத்து நாலு வயதில் அந்த இரண்டாவது பதவி வந்தது. அரியலூரில் ஒரு லாரி ஆபீஸில் அப்போது கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தலையில் தூசியைத் தட்டிவிட்டுத்தான் யாரென்று அடையாளம் கண்டுபிடிப்பார்கள். ஒருநாள் அப்படித் தட்டிக்கொண்டிருந்தபோது பெரியப்பா கூப்பிட்டார்.

"டேய், பி.காம். படிச்சவன்தானே? கமிட்டிக் கணக்கை நீயே பாத்துக்க."

எங்கள் தெருப் பிள்ளையாருக்குச் சதுர்த்தியை ஒட்டி மூன்று நாள் பாட்டுக் கச்சேரி. முதல் நாள் பஜனை, இரண்டாம் நாள் நாதஸ்வரம், மூன்றாம் நாள் இன்னிசைக் குழு. தாத்தா காலத்தில் தொடங்கியது. பெரியப்பா தலைவர், சித்தப்பா செயலாளர். இரண்டுக்கும் நடுவில் எங்கள் அப்பா. நடுவில் இருக்கிறவருக்குப் பதவி எதுவும் இல்லை. இரண்டு பக்கத்துப் புகாரையும் கேட்டுக்கொள்வது மட்டும்தான் அவர் பொறுப்பு.

அந்த வருஷம் விழா முடிந்து கணக்கு வாசித்தபோது 360 ரூபாய் குறைந்தது.

நோட்டில் இருக்கிறது, பணப்பெட்டியில் இல்லை. பெட்டிச் சாவி சித்தப்பாவிடம். பெரியப்பா சாதாரணமாகத்தான் கேட்டார்: "எங்கப்பா அந்த முந்நூத்தி அறுபது?" சித்தப்பா சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்ப நான் திருடன்னு சொல்றீங்களாண்ணே?" என்றார். "நான் சொல்லல, கணக்கு சொல்லுது" என்றார் பெரியப்பா. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றவன் நான்.

அடுத்த வருஷம் எங்கள் தெருவில் இரண்டு நோட்டீஸ் வந்தது. கிழக்குத் தெருக் கமிட்டி, மேற்குத் தெருக் கமிட்டி. தெரு ஒன்றுதான், நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதுதான் எல்லை. இரண்டு ரசீதுப் புத்தகம், இரண்டு பந்தல், இரண்டு மைக் செட். ஒரே பிள்ளையாருக்கு இரண்டு காதும் பெரிசு என்பதால் சமாளித்தார். தெருக்காரர்களுக்கு இரண்டு நன்கொடை. சித்தப்பா மகன் கல்யாணத்துக்குப் பெரியப்பா வரவில்லை. பெரியப்பா கண் ஆபரேஷனுக்குச் சித்தப்பா போகவில்லை. இப்படி ஆறு வருஷம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கமிட்டியும் ஒற்றுமையாக இருந்தன. அக்காவுக்கு மைக் கொடுப்பதில்லை.

அக்கா என்றால் பெரியப்பா மகள். தொடக்கப் பள்ளி டீச்சர். பெரம்பலூரில் ஒரு பாட்டு டீச்சரிடம் கொஞ்ச நாள் கற்றுக்கொண்டாள், மிச்சத்தைத் திருச்சி ரேடியோவிடம் கற்றுக்கொண்டாள். அவள் கொல்லையில் துணி அலசிக்கொண்டே பாடினால் அந்தப் பக்கம் போகிற பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். ஒரு வருஷம் பஜனை நாளில் ஒரு பாட்டுப் பாடட்டுமா என்று கேட்டாள். "பொம்பளைப் புள்ள தெருவுல மைக்கப் புடிச்சா நாலு பேரு என்ன சொல்லுவான்?" என்றார் பெரியப்பா. மேற்குத் தெருக் கமிட்டியில் கேட்டதற்கு, "உங்கப்பாவே வேணாங்கறப்ப நாங்க எப்படிம்மா?" என்றார் சித்தப்பா. நோட்டீஸ் எழுதினவன் நான்தான். அக்கா பேரை எழுதி, பிறகு அடித்தேன். ஒன்றும் பேசவில்லை. பொருளாளருக்குப் பேச்சு கிடையாது, பேனாதான்.

★

ஆறாவது வருஷம் போகி. பழைய குப்பையை எரிக்கப் பரணைக் காலி செய்துகொண்டிருந்தேன். பழைய காலண்டர், கிழிந்த பாய், அதற்கடியில் அந்தக் கமிட்டி நோட்டு.

எரிக்கப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். புரட்டித் தொலைத்தேன்.

வியாபாரக் கணக்குப் படித்தவர்களுக்கு ஒரு சின்ன சூத்திரம் தெரியும். கணக்கு இடிக்கிறது, வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறது என்றால், எங்கேயோ இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கிறாய் என்று சந்தேகப்படு. காலேஜில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தது. 360-ஐ ஒன்பதால் வகுத்தால் 40. மீதி இல்லை.

ரசீதுக் கட்டையையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்தே நிமிஷம். கிழக்குப் பக்க வசூல் 1,590 ரூபாய். நான் நோட்டில் ஏற்றியது 1,950.

யாரும் திருடவில்லை. பெட்டியில் இருந்த பணம் சரி, சித்தப்பா சரி, பெரியப்பா கேட்ட கேள்வியும் சரி. தப்பு என் கையெழுத்து.

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகித் தீ முன்னால் நான் நின்ற நிலையை அக்கா பார்த்துவிட்டாள். "என்னடா, பேயடிச்ச மாதிரி நிக்கிற?" என்றாள். அவளிடம் மட்டும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எரிச்சுடாத. வர்ற பகுள பஞ்சமிக்குத் திருவையாறு போறேன். துணைக்கு வா."

"அங்க எதுக்கு?"

"அங்கயும் ஒரு கமிட்டி இருந்துச்சு. சண்டை போட்டு மூணாச்சு. வா, சொல்றேன்."

★

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் பஸ் ஏறினால் கீழப்பழுவூர், திருமானூர், கொள்ளிடம் பாலம், தாண்டினால் திருவையாறு. விடியற்காலை முதல் பஸ்ஸில் அக்காவுக்கு ஜன்னல் ஓரம், எனக்கு ஒரு கட்டுச்சோற்றுப் பை. கொள்ளிடம் வருவதற்குள் அவள் பாதிச் சரித்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டாள். கணக்குப் பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? பின்னால் நானே புத்தகங்களைத் தேடிப் படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

சங்கீதத்துக்கும் இந்தச் சுண்ணாம்பு பூமிக்கும் என்ன சம்பந்தம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அங்கேயே முதல் குட்டு விழுந்தது. எங்கள் பக்கத்து உடையார்பாளையம் ஜமீனில் கனம் கிருஷ்ணையர் என்று ஒரு பெரிய வித்வான் இருந்தார். அவரிடம் பாட்டுக் கற்றவர் வேங்கடசுப்பையர். அவருடைய பிள்ளைதான் உ.வே.சாமிநாதையர். தமிழ்த் தாத்தா சின்னப் பிள்ளையாக அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் பாடம் கேட்டவர். லாரி வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் வேறு சத்தமும் இருந்திருக்கிறது.

சரி, திருவையாற்றுக்கு வருவோம்.

தியாகராஜ சுவாமிகள் 1767-ல் திருவாரூரில் பிறந்து, திருவையாற்றில் வாழ்ந்து, கடைசியில் சந்நியாசம் வாங்கிக்கொண்டு, 1847 ஜனவரி 6-ம் தேதி காலமானார். புஷ்ய மாதத்துப் பகுள பஞ்சமி. காவிரிக் கரையில் சமாதி வைத்து ஒரு பிருந்தாவனம் எழுப்பினார்கள். சீடர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். வருஷா வருஷம் அவரவர் வீட்டிலேயே குருவுக்குத் திதி. மகள் வழிப் பேரனும் வாரிசு இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அத்தோடு சமாதியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. புல் முளைத்தது, புதர் மண்டியது.

பாட்டு மட்டும் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. பாடினவரின் சமாதியைத் தேடிப் போக ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1903-ல், அவருடைய சீடர்களில் மிஞ்சியிருந்த உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து அந்த இடத்தைத் தேடிக் கண்டு புதுப்பித்தார்கள். அடுத்த சில வருஷங்களில் பக்கத்து ஊரான தில்லைஸ்தானத்துச் சகோதரர்கள், நரசிம்ம பாகவதரும் பஞ்சு பாகவதரும், ஆராதனையைப் பாட்டோடு ஊர்கூடி நடத்தும் விழாவாக ஆக்கினார்கள்.

"அண்ணன் தம்பி" என்று அக்கா அழுத்திச் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருப்பினால் மட்டும் சரித்திரம் மாறுமா? சில வருஷத்திலேயே அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள். அண்ணன் பக்கம் பெரிய கட்சி, தம்பி பக்கம் சின்னக் கட்சி. நான் வைத்த பேர் இல்லை. சங்கீத உலகமே அப்படித்தான் கூப்பிட்டது. பெரிய கட்சிக்குப் பிடில் வித்வான் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை தூண். சின்னக் கட்சிக்கு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் சூலமங்கலம் வைத்தியநாத பாகவதரும். எல்லாம் மலை மாதிரி ஆட்கள். மலையும் மலையும் மோதினால் நடுவில் சமாதானம் பேசப் போகிறவன் சட்னி.

ஆகவே நாட்களைப் பங்கு போட்டார்கள். ஒரு கட்சி ஆராதனை நாளோடு முடிகிற மாதிரி ஐந்து நாள் நடத்தும். இன்னொரு கட்சி ஆராதனை நாளில் தொடங்கி ஐந்து நாள் நடத்தும். ஒருவர் வசூலுக்குப் போன வீட்டுக்கு இன்னொருவரும் போயிருப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பொருளாளர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர், திருவையாற்றில் பஞ்சமித் திதி.

இப்படி இரண்டு கட்சியும் தனித்தனியாகச் சங்கீதம் வளர்த்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சமாதியின் நிலைமை என்ன தெரியுமா? விழா முடிந்தால் மறுபடி கவனிப்பாரில்லை. 1921-ல் பிடாரம் கிருஷ்ணப்பா என்ற மைசூர் வித்வான் அங்கே வந்து பார்த்து மனசு நொந்துபோனார். தன் சிஷ்யை ஒருவருக்குக் கடிதம் எழுதினார்.

அந்தச் சிஷ்யைதான் பெங்களூர் நாகரத்னம்மாள்.

★

பஸ் திருமானூரில் டீக்கு நின்றது. அக்கா இறங்கவில்லை. கதையை நிறுத்தவும் இல்லை.

நாகரத்னம்மாள் 1878-ல் மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தேவதாசி குலம். சென்னைக்கு வந்து, பாடிச் சம்பாதித்து, வீடும் நகையுமாக வாழ்ந்தவர். அதோடு வம்புக்கும் பயப்படாதவர். முத்துப்பழனி என்ற பழைய காலத்துத் தஞ்சாவூர்ப் பெண் கவிஞர் எழுதிய தெலுங்குக் காவியத்தைத் தேடியெடுத்து 1910-ல் அச்சுப் போட்டார். அதில் சிருங்காரம் அதிகம் என்று வெள்ளைக்கார அரசாங்கம் தடை போட்டது. அப்படிப்பட்ட அம்மாள்.

கடிதம் வந்ததும் திருவையாற்றுக்குக் கிளம்பினார். இடத்தைப் பெற்றார். 1921-லேயே வேலையைத் தொடங்கிவிட்டார். கைக்காசும் நகையும் கரைந்தன. 1926 ஜனவரியில் சமாதிமேல் எழுந்த கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. இன்றைக்கு நாம் போய்க் கும்பிடுகிற கோயில் அதுதான்.

இரண்டு கட்சிக்காரர்களும் கோயில் பேஷ் என்றார்கள். தங்கள் பந்தலில் அந்த அம்மாள் பாடுவதற்கு மட்டும் வழியில்லை என்றார்கள். பெண் என்பது ஒரு காரணம், தாசி என்பது இன்னொரு காரணம். பெரிய கட்சியும் சின்னக் கட்சியும் ஒற்றுமையாக இருந்த விஷயம் அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே நெல் வயலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அதற்கு என் முகத்தைப் பார்த்தே சொல்லியிருக்கலாம்.

நம்மில் யாராவது இருந்தால் என்ன செய்திருப்போம்? கோயில் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு ரயிலேறியிருப்போம். இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போய் இன்னும் முப்பது வருஷம் வக்கீல் வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்திருப்போம். நாகரத்னம்மாள் வேறு வழி பார்த்தார். முன்பக்கம்தானே இல்லை? கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு பந்தல் போட்டார். தன் குலத்துப் பெண்களையும் மற்றப் பாடகிகளையும் கூட்டிவந்து உட்காரவைத்தார். பாட்டும் ஹரிகதையுமாக ஆராதனை நடத்தினார். அதற்குப் பேர் பெண்கள் கட்சி. மூன்றாவது கட்சி.

பிடிவாதம் என்றால் அது. வருஷா வருஷம், பத்து வருஷத்துக்கு மேல்.

கடைசியில் எல்லோருக்கும் அலுத்தது. ஒரே மகானுக்கு மூன்று திருவிழா என்பது ஊர் சிரிக்கிற சமாசாரமாகிவிட்டது. அப்போது தஞ்சாவூரில் அதிகாரியாக இருந்த எஸ்.ஒய். கிருஷ்ணசாமி, ஐ.சி.எஸ்., சங்கீதப் பித்து உள்ளவர். அவரும், முசிரி சுப்பிரமணிய ஐயர் போன்ற வித்வான்களும் பேசிப் பேசி, 1940 வாக்கில் மூன்று கட்சியையும் ஒன்றாக்கினார்கள். தியாகபிரம்ம மகோற்சவ சபை உண்டானது. 1941-ல் பெண்களும் அந்தச் சந்நிதியில் உட்கார்ந்து பாடினார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கோயிலைக் கட்டிய அம்மாளுக்கு அப்போதுதான் முன்பக்கம் இடம் கிடைத்தது.

அத்தோடு சண்டை எல்லாம் தீர்ந்து சுபம் என்று போட முடியாது. 1946-ல் தண்டபாணி தேசிகர் அங்கே ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடினதற்கு எழுந்த சச்சரவு பத்திரிகை வரைக்கும் வந்தது. நாலு பேர் கூடுகிற இடத்தில் ஐந்தாவதாக ஒரு சண்டை வந்து உட்காரத்தான் செய்யும். அதற்கும் ஒரு பாய் போட்டுவிட்டு விழாவை நடத்துகிறார்களா என்பதுதான் விஷயம்.

★

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி ஊர்வலம் பாடிக்கொண்டே புறப்பட்டுவிட்டது. அவர் உயிரோடு இருந்தபோது தம்புராவும் சொம்புமாகத் தெருவில் பாடிப்போய் அரிசி வாங்கிச் சாப்பிட்டவர். அந்த நினைவுக்காக. பின்னாலேயே நடந்தோம்.

பந்தலில் கால் வைக்க இடமில்லை. முன்னால் வித்வான்கள் ஒரு பக்கம், விதூஷிகள் ஒரு பக்கம். நடுவில் சுவாமிக்கு அபிஷேகம். ரேடியோக்காரர்கள், டி.வி.காரர்கள், ஒயர்கள். டி.வி.யில் அடிக்கடி பார்க்கிற முகம் எல்லாம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. யாருக்கும் சன்மானம் கிடையாது. லட்சம் வாங்குகிறவரும் ஓசி, நேற்றுக் கற்றுக்கொண்ட பையனும் ஓசி. இப்படி ஒரு பட்ஜெட்டைக் காலேஜில் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அக்கா பெண்கள் பக்கம் பின்வரிசையில் போய் உட்கார்ந்து கைப்பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தாள். கையாலேயே எழுதிவைத்த ஐந்து பாட்டு. நான் ஆண்கள் பக்கம் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் புல்லாங்குழலில் பைரவி. பிறகு பஞ்சரத்தினம்.

ஐந்து பாட்டு, ஐந்து ராகம்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீராகம். ஐந்துக்கும் தாளம் ஒன்றுதான், ஆதி. இன்றைக்குத் திருவையாறு என்றாலே நமக்கு ஞாபகம் வருவது இந்தக் கூட்டுப் பாட்டுத்தானே? இது ஆதியிலிருந்து இருந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. மூன்று கட்சியும் ஒன்றான பிறகு, 1940-களில்தான் இந்த வழக்கம் நிலைத்தது. தனித்தனியாகப் பாடினால் யார் முந்தி, யார் பிந்தி, யாருக்கு எத்தனை நிமிஷம் என்று மறுபடி கட்சி முளைக்கும். எல்லோரும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பாடினால் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. நாம் பக்தி என்று கண்ணை மூடிக் கேட்பதற்குள்ளே ஒரு சமாதான உடன்படிக்கை இருக்கிறது.

எனக்குத் தெலுங்கு தெரியாது. சங்கீதம் சுத்தம். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், தஞ்சாவூரில் ஏதோ ஆபீஸில் ரிட்டயர் ஆனவர், தொடையில் தாளம் போட்டுக்கொண்டே எனக்கு அர்த்தம் சொன்னார். முதல் பாட்டு ராமனை அடுக்கடுக்காகப் புகழ்வது. தலையாட்டினேன். இரண்டாவது கௌளை.

"இது என்ன சார்?"

"இதுவா? தன் மேல தானே குத்தப் பத்திரிகை வாசிக்கிறார் தம்பி. இந்தத் தப்புப் பண்ணினேன், அந்தத் தப்புப் பண்ணினேன், இப்படிப்பட்டவனை எந்த ராஜகுமாரன் காப்பாத்துவான்னு. ஒண்ணு விடாம வரிசையாச் சொல்றார்."

எனக்கு என்னவோ செய்தது. ஆயிரம் பேர் கூடி உட்கார்ந்து, வெட்கப்படாமல், ஒரே தாளத்தில் தப்பை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பெரிய மனிதர் வரிசையாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் ஒரே ஒரு தப்பை, அதுவும் இரண்டே இலக்கம் இடம் மாறினதை, வாயால் சொல்ல முடியாமல் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

அந்தப் பக்கம் அக்காவைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. நோட்டு மடியில் திறந்திருந்தது. அதைப் பார்க்காமலே பாடிக்கொண்டிருந்தாள். வராளி ராகத்தைக் குரு நேரடியாகச் சொல்லித்தரக் கூடாது, தந்தால் குருவும் சிஷ்யரும் பிரிந்துவிடுவார்கள் என்று பாட்டுக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அக்காவுக்கு அந்தப் பயமே இல்லை. அவளுக்கு வராளி சொல்லித் தந்தது ரேடியோ.

ஐந்தாவது ஸ்ரீராகம். உலகத்தில் எத்தனை பெரியவர்கள் உண்டோ அத்தனை பேருக்கும் வணக்கம் என்கிற பாட்டு. பெரியவர் தாளத்தை நிறுத்திக் கைகூப்பிக்கொண்டார். நானும் கூப்பினேன். எனக்கு ஞாபகம் வந்த பெரியவர்கள் இரண்டே பேர். ஒருவர் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கிழக்கே, ஒருவர் மேற்கே.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா என்னை இன்னொரு சமாதிக்குக் கூட்டிப் போனாள். தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்திலேயே, அதைப் பார்த்தபடி. நாகரத்னம்மாள் கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்து 1952 மே 19-ம் தேதி காலமானார். சொத்தையெல்லாம் இந்தக் கோயிலுக்கே எழுதிவைத்தார். உயிலில் முக்கியமான நிபந்தனை, பெண்களுக்கு அங்கே வழிபடவும் பாடவும் இடம் இருக்க வேண்டும் என்பது. கணக்கை எவ்வளவு கெட்டியாக முடித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார் பாருங்கள்.

அக்கா அங்கே நின்று ஒரு பாட்டு, மெல்லிய குரலில், முழுசாகப் பாடினாள். கேட்டது நானும், பூ விற்கிற ஒரு பாட்டியும். பாட்டி ஒரு முழம் பூவை இலவசமாகக் கொடுத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "எப்படா சொல்லப் போற?"

★

பகுள பஞ்சமிக்குப் பத்து நாள் கழித்துத் தை அமாவாசை. எங்கள் வீட்டில் தாத்தாவுக்குப் படையல். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒரே கூரைக்கடியில் இருப்பார்கள். பேச்சு இருக்காது. "உப்பு" என்று பெரியப்பா பொதுவாகக் காற்றிடம் சொல்வார். சித்தப்பா பொதுவாக உப்பைத் தள்ளிவைப்பார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்ததும் நோட்டையும் ரசீதுக் கட்டையையும் நடுக்கூடத்தில் வைத்தேன். 1,590-ஐக் காட்டினேன். 1,950-ஐக் காட்டினேன். ஒன்பதால் வகுத்தும் காட்டினேன். அது தேவையில்லைதான். பயத்தில் படிப்பு வெளியே வந்துவிடுகிறது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரசீதுகளை ஒவ்வொன்றாக மறுபடி கூட்டினார். விரல் நடுங்கியது. கூட்டி முடித்து நோட்டை மூடினார்.

"ஆறு வருஷம்டா" என்றார் சித்தப்பா, மெதுவாக.

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். தை மாதம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் சரித்திரம். இரண்டு பேரும் ஒரே குரலில் என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். அவர் விட்ட இடத்தில் இவர் எடுத்தார். இவர் மூச்சு வாங்கினபோது அவர் தொடர்ந்தார். "இவனைப் போய் பி.காம்.னு நம்புனோமேண்ணே!" என்றார் சித்தப்பா. 'அண்ணே' என்ற வார்த்தை அந்த வீட்டில் கேட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. சொன்னவருக்கே அது சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்பா திரும்பிச் சுவரில் தாத்தா போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உதை விழாத குறை. ஆனால் சொல்கிறேன், அதைவிடச் சுகமான ஒரு கூட்டுப் பாட்டை அதற்குப் பிறகும் நான் கேட்டதில்லை.

★

அந்த வருஷம் சதுர்த்திக்கு ஒரே நோட்டீஸ். அக்கா பேரைப் போட வேண்டும் என்று நான் சொன்னேன். முதல் தடவையாகப் பொருளாளர் வாயைத் திறந்தார், அதுவும் பதவி போன பிறகு. பெரியப்பா பழைய பல்லவியை எடுத்தார். திருவையாற்றுக் கதையை முழுசாகச் சொன்னேன். கோயில் கட்டின அம்மாளைப் பின்பக்கம் உட்காரவைத்த இடம் வந்ததும் பெரியப்பா வெற்றிலைச் செல்லத்தை மூடினார். நீண்ட பேரத்துக்குப் பிறகு, இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்கு, கூட்டம் சேர்வதற்கு முன்னால், நாதஸ்வரம் தொடங்குகிற வரைக்கும் பத்து நிமிஷம் என்று முடிவாயிற்று. நோட்டீஸில் 'இறை வணக்கம்' என்று கடைசி வரியில், இருப்பதிலேயே சின்ன எழுத்தில்.

எனக்குக் கோபம் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. "அந்தம்மா பின்பக்கத்துலேர்ந்துதான்டா ஆரம்பிச்சாங்க. எனக்கு ஆறு மணி போதும்" என்றாள்.

ஆறு மணிக்கு முப்பது பேர் இருந்தார்கள், பாதி குழந்தைகள். அக்கா உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது ஆயிற்று. வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பால்காரர் சைக்கிளோடு நின்றார். நாதஸ்வர வித்வான் ஒத்திகூட ஊதாமல் மேடைக்குக் கீழேயே உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா முன்வரிசையில். பெரியப்பாவைக் காணோம். தேடிப்போனால் மேடைக்குப் பின்பக்கம், ஜெனரேட்டர் பக்கத்தில், டீசல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கரண்டே போகவில்லை. ஜெனரேட்டர் ஓடவும் இல்லை. நாற்பது நிமிஷம் டீசல் பார்த்தார்.

அதற்கு அடுத்த வருஷம் அக்கா பேர் நோட்டீஸில் நடுவில் வந்தது. இப்போதும் வருகிறது. நான் லாரி ஆபீஸை விட்டுவிட்டேன், எழுதிப் பிழைக்கிறேன். கமிட்டிக் கணக்கை அக்காதான் பார்க்கிறாள். வருஷா வருஷம் கூட்டிப் பார்த்து என்னிடம் நோட்டை நீட்டுவாள், சரிபார்க்க இல்லை, காட்ட.

வித்தியாசம் பூஜ்யம். அது ஒன்பதால் வகுபடும் என்பது வேறு விஷயம்.